குறுக்குக் குழாய்

பெரியவள் தன் தங்கைக்குச் சிறுநீரகம் கொடுக்கப்போகிறாள் என்பது தெருவுக்குத் தெரிவதற்கு மூன்று மாதம் முன்பே எனக்குத் தெரியும். அவர்கள் மாடியில் குடியிருந்தார்கள். கீழே என் ஜெராக்ஸ் கடை. ஆஸ்பத்திரியில் இதற்கு அனுமதி தர ஏதோ ஒரு குழு இருந்தது. அது கேட்கிற தாள்களுக்கெல்லாம் ஆறு ஆறு நகல் வேண்டும். ரத்தப் பரிசோதனை, கல்யாணச் சான்றிதழ், கணவனின் சம்மதக் கடிதம். கடைசியாக ஒரு நாள், சின்ன வயதில் அக்காவும் தங்கையும் ஒரே துணியில் தைத்த கவுன் போட்டுக்கொண்டு நிற்கிற போட்டோ.

"உடன்பொறந்தவங்கதான்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணுமாம் இவங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே பெரியவள் அதை மெஷின் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தாள். நகலில் முகங்கள் கறுப்பாக விழுந்தன. துணியிலிருந்த பூக்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

பெரியவளுக்குத் துணி ஆலையில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டுப்போன இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அவள் கணவர் இருபது வருஷமாக லேத்துப் பட்டறையில் இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் லேத்துக்காரர். சின்னவள் புத்தக பைண்டிங்கில் வேலை பார்த்தவள். டயாலிஸிஸ் என்று வாரத்துக்கு மூன்று நாள் ஆனதும் வேலை போய், அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். முன்னறையில், சமையலறை வாசலுக்கு நேரே இருந்த கட்டில் அவளுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையை ஒட்டிய உள்ளறையில்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவள் ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். சின்னவள் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவள் வருவதற்குள் குடிதண்ணீருக்கு வழி செய்ய வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை, கூடவே எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கிவிடும். நமக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போவது அவளுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் போகும். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், இல்லாவிட்டால் நல்ல பில்டர். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர்.

பெரியவள் வயிற்றில் தையல். இரண்டு மாதத்துக்கு நிறைந்த குக்கரைக்கூடத் தூக்கக் கூடாது. லேத்துக்காரர் காலை ஏழு மணிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அதனால் பில்டர் என்று முடிவாயிற்று.

பில்டர் மாட்ட வந்தது ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் கனமான பை, கையில் ஹெல்மெட். மொட்டைமாடித் தொட்டியின் வால்வு என் பொறுப்பில் இருந்ததால் அதை மூட நானும் மேலே போனேன். போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். வேடிக்கை அப்படி.

"இங்க மாட்டும்மா, கை எட்டுற மாதிரி." லேத்துக்காரர் அடுப்புக்கு மேலே காட்டினார்.

"அடுப்புச் சூடு ஆகாது சார். குழாயெல்லாம் இளகிடும்."

"அப்ப ஜன்னல் பக்கம்."

"வெயில் பட்டா உள்ள பாசி புடிக்கும்."

"நீ காட்டுற இடத்துல மாட்டினா நான் நிக்கவே இடமில்லையேம்மா."

"நீங்க நிக்க வேணாம் சார். அது நின்னா போதும்."

பெரியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

சுவரில் நான்கு துளை. குழாயின் திருகுகளில் வெள்ளை டேப்பை வரிசை பிசகாமல் சுற்றினாள். பெட்டியை மாட்டி, பக்கத்தில் வெள்ளைக் கிண்ணம் ஒன்றைத் தனியாகப் பொருத்தி, அதற்குள் கையளவு நீளப் பஞ்சு உருளையை இறக்கினாள். இறக்கும் முன் அதன் தலையில் பேனாவால் தேதி எழுதினாள். ஒவ்வொன்றையும் பெரியவளிடம் காட்டித்தான் செய்தாள்.

"முதல்ல இந்த கேண்டில். மண்ணு, துருவெல்லாம் இதோட நின்னுடும். அப்புறம் கரி. மூணாவது இந்த மெம்பரேன். உப்பையும் கிருமியையும் வடிக்கிற சவ்வு, இதுதான் பெட்டிக்கு உயிர். கடைசியா ஒரு விளக்கு, தப்பித் தவறி வர்ற கிருமிக்கு. இந்தச் சின்ன குழாய்ல வேஸ்ட் தண்ணி வரும். வாளியில புடிச்சு தரை துடைக்க வச்சுக்கங்க அக்கா."

பேனா போன்ற மீட்டர் ஒன்றைக் குழாய்த் தண்ணீரில் விட்டாள். நானூற்று அறுபது காட்டியது. பில்டர் தண்ணீரில் விட்டாள். முப்பத்தெட்டு.

"இது உப்போட அளவுதான். கிருமியைக் காட்டாது. ஆனா உள்ள வேலை நடக்குதா இல்லையான்னு சொல்லிடும்."

லேத்துக்காரருக்கு ஒப்பவில்லை. "நாலு குழாய், ஒரு பெட்டி. இதுக்கு ஒரு ஆள் வரணுமா. தலைமுடி கனத்துல பாதி வித்தியாசத்தை விரலால தடவிச் சொல்லுவேன்மா நான்."

"சொல்லுவீங்க சார். தண்ணில விரலுக்குத் தட்டுப்படாததுதான் பிரச்சினையே." சொல்லிக்கொண்டே ஸ்பேனரைப் பையில் போட்டாள். "வர்ற தண்ணி மெதுவானா எனக்கு போன் பண்ணுங்க. நீங்களா உள்ள கை வைக்காதீங்க."

பில்டர் பெட்டிக்குள் இருக்கிற சின்னத் தொட்டி முதலில் நிரம்பும் இரண்டு தடவையும் தண்ணீரைக் கீழே விடச் சொல்லிவிட்டுப் போனாள். பெரியவள் மூன்றாவதையும் விட்டாள்.

சின்னவள் வந்த பிறகு மாடி வீடே கடிகாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. காலை எட்டுக்கு மாத்திரை, ராத்திரி எட்டுக்கு மாத்திரை. ஐந்து நிமிடம் தவறினால் பெரியவள் அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொள்வாள். குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று அளந்து நோட்டில் எழுதுவாள். ஜுரமில்லாத நெற்றியில் நாளுக்கு நாலு தரம் கை வைப்பாள். ஆலைக்குத் திரும்பவும் போகத் தொடங்கியபின், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கடைக்கு போன் செய்து, "அண்ணே, மேல சத்தம் ஏதாவது கேக்குதா" என்பாள். கேட்கிறது என்றாலும் பயப்படுவாள், கேட்கவில்லை என்றாலும் பயப்படுவாள்.

சின்னவள் இதற்கு நேர்மாறு. அவளிடமிருந்து அந்த நாட்களில் நான் அதிகம் கேட்ட சொல் "பரவாயில்ல". கஞ்சி ஆறிவிட்டதா, பரவாயில்ல. மின்விசிறி ஓடவில்லையா, பரவாயில்ல. படியேறி ரிப்போர்ட்டைக் கொடுக்கப் போனால், கட்டிலில் ஓரமாக, யாருக்கோ இடம் விட்டதுபோல உட்கார்ந்திருப்பாள். ஆளில்லாத வீட்டில்கூட அப்படித்தான் உட்காருவாள். ஒருநாள் நானே கேட்டேன்.

"நடுவுல நல்லா சாஞ்சு உக்காரலாமே."

"பழகிடுச்சுண்ணே. பரவாயில்ல."

மூன்றாவது மாதம் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். தோண்டியது தோண்டியபடி கிடந்தது. வெயில் கொளுத்திற்று. தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல வந்தது, சில நாள் வரவே இல்லை. லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியில் விட்டோம். அதுவும் தெளிவில்லை. மாடியில் பில்டர் இளைக்க ஆரம்பித்தது. நூல்போல வந்தது, பிறகு சொட்டுச் சொட்டாக. ஒரு சொம்பு நிறைய அரைமணி. பெரியவள் காலையில் ஆலை வண்டிக்கு ஒரு கண்ணும் சொம்புக்கு ஒரு கண்ணுமாக நின்று, இரண்டையும் திட்டுவாள். மூன்று லிட்டர் நோட்டில் இரண்டே காலாக, இரண்டாக இறங்கியது.

பில்டர் பெண்ணுக்கு போன் போட்டார்கள். தெரு முழுக்கத் தோண்டிக் கிடக்கிறதே, எல்லா வீட்டு பில்டரும் ஒரே நேரத்தில் அடைத்துக்கொண்டது. மெம்பரேன் வர நாலு நாள் ஆகும், அதுவரை கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்றாள்.

"நாலு நாளா" என்று லேத்துக்காரர் என்னிடம் வந்து நின்றார். என் கடையில் உட்கார மாட்டார், நடப்பார். தாள் கட்டை எடுத்துத் தட்டிச் சீராக்குவார், திரும்ப வைப்பார். "பட்டறையில ஒரு மெஷின் நாலு நாள் நின்னா முதலாளி என்னை வச்சிருப்பானா. நாலு குழாய்ண்ணே அது."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் பெரியவள் படியிறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, பில்டர் என்னமா கொட்டுது தெரியுமா. இவர் கேண்டிலைக் கழுவிப் போட்டாராம். வேஸ்ட் தண்ணிகூட வரல. எல்லாம் நல்ல தண்ணியாவே வருது."

கேண்டிலைக் கழுவியதோடு நின்றிருந்தால் பிழைத்தோம். கழுவியும் தண்ணீர் வேகமாகாததால் அவர் பெட்டியைத் திறந்திருக்கிறார், எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மெம்பரேனுக்குப் போகிற குழாயை உருவி, அதையும் விளக்கையும் தாண்டி, நேராகப் பெட்டியின் தொட்டிக்குப் போகிற குழாயோடு கோத்துவிட்டார். நாலு நாளில் அந்தப் பெண் வந்ததும் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்துத்தான் செய்தார். நாலாம் நாள் அவள் போன் செய்தாள். எடுத்தவர் அவர். பக்கத்தில் பெரியவள் நின்றிருந்தாள். வெகுநாள் கழித்து மலர்ந்த முகத்தோடு நின்றிருந்தாள். "சரியாயிடுச்சும்மா, வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

குழாயை மாற்றிய பதினோராம் நாள் சின்னவளுக்குக் காய்ச்சல். காலையில் வாந்தி, மத்தியானத்துக்குள் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஆட்டோவை நான்தான் பிடித்தேன். பெரியவள் ஆலையிலிருந்து, சிவப்பு ஸ்டிக்கர் சுருள் கையில் மாட்டியபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். ரத்தத்தில் கிரியாட்டினின் ஒன்றே காலிலிருந்து இரண்டரைக்கு ஏறியிருந்தது. புதுச் சிறுநீரகம் தடுமாறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "என்ன தண்ணி குடிக்கிறாங்க?"

பெரியவள் வார்டு வாசலில் நின்றபடியே பில்டர் பெண்ணுக்கு போன் போட்டாள். அவள் என்ன பேசினாள் என்று எழுத வேண்டாம். அவ்வளவு வார்த்தை அவளுக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பில்டர் பெண் வந்தாள். பெரியவள் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். என்னையும் கூப்பிட்டாள், சாட்சிக்கு. லேத்துக்காரர் பட்டறைக்குப் போகவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"வாம்மா. நல்லா பில்டர் மாட்டின. என் தங்கச்சி ட்ரிப்ஸ் ஏறிக் கிடக்கிறா."

அவள் பையைத் திறந்தாள். மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் விட்டாள். நானூற்றுத் தொண்ணூறு. பில்டர் தண்ணீரில் விட்டாள். நானூற்று எண்பத்தைந்து. துடைத்துவிட்டு மறுபடியும் விட்டாள். அதே எண்.

"அக்கா, வேஸ்ட் தண்ணி வருதா?"

"அதான் வரலியே. பத்து நாளா வரல. எல்லாம் நல்ல..." பெரியவள் பாதியில் நின்றாள்.

பில்டர் பெண் மூடியைக் கழற்றினாள். சிறிது நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை விட்டு ஒரு குழாயை மெல்ல இழுத்தாள். அது அசையவில்லை.

"இதை யார் மாத்தினது?"

"உங்க ஆளுங்கதான் வேற யாரு" என்றாள் பெரியவள்.

"எங்க ஆளுங்க இப்படிச் செய்ய மாட்டாங்கக்கா. செஞ்சாலும் இவ்வளவு சுத்தமா வராது. வெட்டின முனையைப் பாருங்க, பிளேடு வச்ச மாதிரி நேரா இருக்கு. ஒரு சொட்டு கசியல. இது கை தெரிஞ்ச ஆள் வேலை."

அறையில் நடக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"நான் வர்றேன்னு போன் பண்ணினேன். சரியாயிடுச்சுன்னு சொன்னது சார்தான்" என்று அவள் தணிந்த குரலில் சொன்னாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. அவள் வேலை போகாமல் இருக்க அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

லேத்துக்காரர் வாயைத் திறந்தார். "நாலு நாளைக்குத்தான்னு..." என்றார். அப்புறம், "நான்தான்" என்றார்.

பெரியவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சமையல் மேடையில் கைகளை ஊன்றிக்கொண்டு பில்டரின் திறந்த வயிற்றையே பார்த்தாள்.

"சட்டையில ஒரு தையல் விட்டுப்போனா கண்டுபிடிக்கிறேன். பத்து நாளா வாளி காஞ்சு கிடக்குது, ஏன்னு கேக்கல நான். நல்லதுன்னு நெனச்சேன்." பிறகு கணவரைப் பார்த்தாள். "என் வயித்தைக் கிழிச்சு எடுத்துக் கொடுத்ததுங்க அது. உங்க பட்டறை மெஷினுக்கு ஒரு நட்டு கொடுத்த மாதிரி நெனச்சுட்டீங்க."

பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவர் பின்னாலேயே இரண்டு படி இறங்கி, திரும்பி ஏறி, மறுபடியும் இறங்கினார்.

பில்டர் பெண் குறுக்குக் குழாயைக் கழற்றி, புது மெம்பரேன் போட்டு, பில்டர் தொட்டியை மருந்துத் தண்ணீரால் கழுவினாள். இரண்டு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் லேத்துக்காரர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் இறங்கும்போது நகர்ந்து வழிவிட்டார். அவள் கடந்து போய், நின்று, "ஆஸ்பத்திரிக்குப் போங்க சார். இங்க உக்காந்து என்ன ஆகப்போகுது" என்றாள்.

தனியாகப் போக அவருக்குத் துணிவில்லை. பழைய ரிப்போர்ட்டுகளின் நகலைக் கொண்டுபோகும் சாக்கில் என்னைக் கூட்டிக்கொண்டார்.

வார்டில் சின்னவள் மட்டும் இருந்தாள். முகக் கவசத்துக்கு மேலே கண்கள் உள்ளே போயிருந்தன. இங்கேயும் கட்டிலின் ஓரத்தில்தான் படுத்திருந்தாள். லேத்துக்காரர் ஸ்டூலில் உட்காராமல் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சின்னவளே, ஒண்ணு சொல்லணும். அந்த பில்டர்ல நான்..."

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு நீங்க பெட்டியைத் திறந்தப்ப கட்டில்லருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அந்தப் பொண்ணு மாட்டினது எப்படின்னு அக்கா எனக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கா. மெம்பரேனை விட்டுட்டு நீங்க குழாயை மாத்தினதைப் பாத்தேன்."

அவர் கம்பியை விட்டுவிட்டார். "பாத்துட்டு அந்தத் தண்ணியவா குடிச்ச?"

"குடிச்சேன்."

"ஏம்மா?"

ட்ரிப்ஸ் இறங்குகிற குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா உடம்பையே அறுத்துக் கொடுத்திருக்கா. நீங்க வீட்டைக் கொடுத்திருக்கீங்க, ஒரு வார்த்தை சுளிச்சுப் பேசினதில்ல. அதுக்கு மேல தண்ணி சரியில்லைன்னு வேற சொல்லணுமா மாமா? அன்னைக்கு அக்கா எவ்வளவு நாளைக்கப்புறம் சிரிச்சா. நான் வாயைத் திறந்தா உங்களுக்குள்ள சண்டை வரும். ஒண்ணும் ஆகாது, பரவாயில்லைன்னு நெனச்சேன்."

பின்னால் ஏதோ தரையில் விழுந்தது. திரும்பினேன். பெரியவள் பிளாஸ்கோடு வந்து நின்றிருந்தாள், மூடி கையிலிருந்து நழுவி உருண்டு போயிற்று. கணவரை அவள் பார்க்கவே இல்லை. நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

"என்ன சொன்ன? பரவாயில்லையா?"

"அக்கா..."

"யாருக்குடி பரவாயில்ல? எனக்குப் பரவாயில்லையான்னு கேட்டியா நீ? அதை உன்கிட்ட கொடுத்தது நீ ஓரமா உக்காந்து பூஜை பண்றதுக்கா? அதைப் பாத்துக்கறது உன் வேலை. வேணும்னா வேணுங்கணும், வேணாம்னா வேணாங்கணும். அதுக்கு நாக்கு வேணும். கிட்னியும் நான் கொடுத்து, நாக்கையும் நான்தான் கொடுக்கணுமா?"

நர்ஸ் வந்து சத்தம் போடக் கூடாது என்றாள். பெரியவள் நர்ஸைப் பார்த்து, "இவ இந்த நாலு மாசத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பசிக்குதுன்னு சொல்லி நான் கேட்டதில்ல சிஸ்டர்" என்றாள். சின்னவள் ஊசி ஏறாத கையை நீட்டி அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். லேத்துக்காரர் குனிந்து, உருண்டு போன மூடியைக் கட்டிலுக்கடியில் தேட ஆரம்பித்தார். அது கிடைத்த பிறகும் வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. முதல் மூன்று நாள் எண் இறங்கவில்லை. காலை ரிப்போர்ட் வரும்வரை பெரியவள் வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பாள். லேத்துக்காரர் பத்தடி தள்ளி எதிர்த்திசையில் நடப்பார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நாலாம் நாள் இரண்டு. ஆறாம் நாள் ஒன்றரை. வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்றே கால். தண்ணீரால்தான் வந்ததா என்று லேத்துக்காரர் டாக்டரிடம் கேட்டார். "இருக்கலாம். வேற எதுலயும் வந்திருக்கலாம். அதை யாராலயும் அறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. இல்லை என்றோ ஆம் என்றோ ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்கு வந்த வாரம் பில்டர் பெண் மறுபடி வந்தாள். சின்னவள்தான் கூப்பிட்டிருக்கிறாள்; வால்வை மூட நானும் மேலே போயிருந்தேன். சுவரோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தைத் திறப்பது, கேண்டில் மாற்றுவது, மீட்டர் பார்ப்பது எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். பைண்டிங் செய்த கை, ஸ்பேனரை அளவாகத் திருப்பிற்று. கேண்டிலைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம் ஓடும்கா" என்றாள் பில்டர் பெண்.

"ஓட வேணாம். இப்பவே மாத்திடலாம்" என்றாள் சின்னவள்.

பில்டர் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் காலை. கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். மாடியில் சத்தம். காது கொடுத்தேன்.

"எத்தனை தடவை சொல்றது உனக்கு? அந்தத் தண்ணியில கை கழுவாதேன்னு." சின்னவள் குரல்.

"ரெண்டு சொட்டுடி. மாவு ஒட்டிக்கிச்சு."

"ரெண்டு சொட்டுக்கு எவ்வளவு நேரம் நிக்கணும்னு உனக்கு எங்க தெரியும். வாளியில இருக்கில்ல, அதுல கழுவு. அப்புறம் இந்தக் கஞ்சியில உப்பே இல்ல, எனக்கு வேணாம்."

"உனக்கு உப்பு கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அப்ப வேற ஏதாவது பண்ணு. தினமும் இதையே எவ திம்பா."

"நீயே வந்து பண்ணு. மகாராணி. நான் ஆலைக்குப் போகணும்."

"பண்றேன். நகரு."

பாத்திரம் ஒன்று நங்கென்று விழுந்தது. லேத்துக்காரர் டிபன் டப்பாவோடு படியிறங்கி வந்தார். மணி ஏழைத் தாண்டியிருந்தது. என் கடை வாசலில் நின்றார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பட்டறைக்கு நேரமாகலையா?" என்றேன்.

"ஆகுதுண்ணே" என்று மாடியைப் பார்த்தார். "கொஞ்சம் கேட்டுட்டுப் போறேன்."